தாமதமாகத் தொடங்கும் இன்டர்பிரெட்டரும் தடம் காட்டாத நினைவகப் பிழைகளும்

நிரலைப் படித்து நேரடியாக ஓட்டும் நிரல்மொழி இன்டர்பிரெட்டரோடும் அதற்காகச் சி மொழியில் எழுதப்படும் கூடுதல் பகுதிகளான எக்ஸ்டென்ஷன்களோடும் வேலை செய்பவர்களைத் தேடி வரும் புகார்களில் இரண்டு வகைகள் மீது எனக்குத் தனி அக்கறை உண்டு. நிரலின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே நேரம் கரைந்துவிடுகிறது என்பது ஒன்று. நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல் மெல்ல மெல்ல நினைவகத்தை விழுங்குகிறது, அல்லது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விழுந்துவிடுகிறது என்பது மற்றொன்று. இரண்டும் வெவ்வேறு இயல்புடையவை போலத் தோன்றினாலும் அவற்றை ஆராய்வதில் உள்ள இடர் ஒன்றுதான்: வெளியே தெரியும் அறிகுறி ஓரிடத்திலும் அதை உண்டாக்கிய காரணம் வெகு தொலைவில் வேறோரிடத்திலும் இருக்கின்றன. ஆகவே திருத்தத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், அறிகுறியைக் காரணத்துக்கு அருகே இழுத்து வரும் வழியைத் தேட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. நான் அன்றாடம் புழங்கும், பைத்தான் மொழியின் முதன்மை இன்டர்பிரெட்டரான சிபைத்தானை முன்வைத்து அந்த வழிகளை இங்கே எழுதுகிறேன்.

தொடக்கம் தாமதமாகிறது என்ற புகார் வந்ததும், மொத்தம் எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைவிட அந்த நேரம் எப்படிப் பிரிகிறது என்பதையே முதலில் பார்க்கிறேன். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் உள்ள டைம் கட்டளை மூன்று எண்களைத் தருகிறது: கடிகாரத்தில் கழிந்த நேரம், நம் நிரலின் கட்டளைகளுக்காகச் சிபியு உழைத்த நேரம், நமக்காக இயங்குதளத்தின் மையமான கெர்னல் உழைத்த நேரம். பின்னிரண்டின் கூட்டுத்தொகை முதலாவது எண்ணை நெருங்கினால் இன்டர்பிரெட்டர் உண்மையிலேயே ஏதோ வேலை செய்துகொண்டிருக்கிறது. மிகக் குறைவாக இருந்தால் அது எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல் நிரலின் எந்தப் பகுதியில் நேரம் செலவாகிறது என்று அளக்கும் புரொஃபைலரை எடுத்து உட்கார்பவர்கள், காத்திருப்பதற்கான காரணத்தைக் கணக்கு போடும் இடங்களில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

காத்திருப்பு எவ்வளவு எதிர்பாராத இடத்தில் ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு 2016இல் வெளிப்பட்ட ஒரு பிழை நல்ல சான்று. திறவுச்சொற்களை ஹேஷ் எனும் எண்ணாக மாற்றிச் சேமிக்கும் டிக்ஷனரிகளில் வேண்டுமென்றே எண் மோதல்களை உண்டாக்கிச் சர்வரை முடக்கும் தாக்குதலைத் தடுப்பதற்காக, பைத்தான் 3.3 முதல் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஹேஷ் கணக்குக்கு ஒரு ரேண்டம் எண் எடுத்துக்கொள்ளப்படுகிறது. பைத்தான் 3.5 அந்த எண்ணை லினக்ஸின் கெட்ரேண்டம் அழைப்பின் வழியாகக் கேட்டது. கணினி அப்போதுதான் பூட் ஆகிக்கொண்டிருக்கும்போது கெர்னலிடம் போதிய என்ட்ரோபி, அதாவது ரேண்டம் எண்ணுக்கு வேண்டிய கணிக்க முடியாத தரவு, சேர்ந்திருக்காது என்பதால், அந்த அழைப்பு திரும்பாமல் நின்றது; பூட் வரிசையின் ஆரம்பத்திலேயே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் ஓட வேண்டியிருந்த கணினிகளில் அந்த வரிசையும் அதோடு சேர்ந்து நின்றது. சிபியு எதையும் செய்யவில்லை, நிரலிலும் எந்தத் தவறும் இல்லை. ஹேஷ் கணக்குக்கு வேண்டிய எண் மறையாக்கத்துக்கு உரிய தரத்தில் இருக்கத் தேவையில்லை என்று முடிவுசெய்து, காத்திருக்காமல் எண்ணைப் பெறும்படி 3.5.2 பதிப்பில் மாற்றினார்கள். இத்தகைய பிழையை, நிரல் கெர்னலுக்கு விடும் அழைப்புகளைப் பட்டியலிடும் எஸ்ட்ரேஸ் நொடியில் காட்டிவிடும். எந்தக் கெர்னல் அழைப்பில் செயல்முறை நிற்கிறது என்பதே அதன் கடைசி வரியாக இருக்கும்.

இன்டர்பிரெட்டர் உண்மையாகவே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த படி அடுக்குகளைப் பிரிப்பது. எதுவுமே செய்யாத ஒரு வரி நிரலை, சூழல் மாறிகளையும் பயனர் அடைவுகளையும் புறக்கணிக்கும் -ஐ தெரிவோடும், நிறுவப்பட்ட பேக்கேஜ்களுக்கான பாதைகளைத் தொடக்கத்தில் அமைக்கும் சைட் மாட்யூலைத் தவிர்க்கும் -எஸ் தெரிவோடும் ஓட்டினால் கிடைப்பதுதான் இன்டர்பிரெட்டரின் சொந்தச் செலவு. அது பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். தொடக்கத்துக்குத் தேவையான மாட்யூல்களின் பைட்கோடு (இன்டர்பிரெட்டர் ஓட்டுவதற்காக நிரலை மாற்றிய வடிவம்) இன்டர்பிரெட்டருக்குள்ளேயே பதிக்கப்பட்ட 3.11 பதிப்பில் அது இன்னும் குறைந்தது. 10 முதல் 15 விழுக்காடு வரை தொடக்கம் விரைவாகியது என்று அந்த வெளியீட்டின் குறிப்புகள் சொல்கின்றன. பிறகு அந்தத் தெரிவுகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தால், நேரம் எந்த அடுக்கில் துள்ளிக் குதிக்கிறது என்பது தெரிந்துவிடும். சைட் மாட்யூலைச் சேர்த்ததும் குதித்தால், நிறுவப்பட்ட பேக்கேஜ்களின் அடைவில் இருக்கும் .பிடிஹெச் கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். அவற்றில் இம்போர்ட் என்று தொடங்கும் வரி எதுவானாலும் ஒவ்வொரு தொடக்கத்திலும் நிறைவேற்றப்படும் என்பதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். நாம் பயன்படுத்தாத ஒரு பேக்கேஜ்கூட நம் எல்லா நிரல்களின் தொடக்கத்தையும் தாமதப்படுத்த இது ஒன்றே போதும்.

நம் சொந்த நிரலின் இம்போர்ட்கள்தான் காரணம் என்றால், பைத்தான் 3.7இல் வந்த -எக்ஸ் இம்போர்ட்டைம் தெரிவுக்கு இணையான கருவி இல்லை. ஒவ்வொரு மாட்யூலுக்கும் அதற்கென்று செலவான நேரத்தையும், அது இழுத்து வந்தவற்றையும் சேர்த்த நேரத்தையும் அது மைக்ரோ நொடிகளில் அச்சிடும். பிள்ளை மாட்யூல்கள் முதலிலும் அவற்றை அழைத்த தாய் மாட்யூல் பிறகும் வருவதால், பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிப்பதே எளிது. சேர்த்த நேரத்தை வைத்துக் குற்றவாளியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: இரண்டு பேக்கேஜ்கள் ஒரே கனமான மாட்யூலைக் கேட்டால், முதலில் கேட்டதன் கணக்கில்தான் முழுச் செலவும் ஏறும். அதை நீக்கியதும் அதே செலவு அடுத்த பேக்கேஜின் கணக்குக்கு நகர்ந்துவிடும். மொத்த நேரம் இம்மியும் குறையாது.

ஒருமுறை, மேம்பாட்டாளரின் கணினியில் விரைவாகவும், நிரலையும் அதன் சூழலையும் ஒன்றாகக் கட்டிய கன்டெய்னரில் மிகத் தாமதமாகவும் தொடங்கிய ஒரு கட்டளைவரிக் கருவியை ஆராய வேண்டியிருந்தது. இம்போர்ட்டைம் பட்டியலில் எந்த மாட்யூலும் தனித்து நிற்கவில்லை. எல்லா மாட்யூல்களுமே ஒரே சீராகக் கனத்திருந்தன. அந்தச் சீர்மையே ஒரு தடயம். ஒரு மாட்யூலை இம்போர்ட் செய்யும்போது பைத்தான் அதை ஒருமுறை பைட்கோடாக மாற்றி __பைகேஷ்__ அடைவில் எழுதி வைக்கிறது. அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் மூலக் கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரமும் அதன் அளவும் பதிவாகியிருக்கும். அடுத்த முறை இவை இரண்டும் பொருந்தினால்தான் பைட்கோடு ஏற்கப்படும். அந்தக் கன்டெய்னரின் பில்ட் வரிசையில், பைட்கோடு உருவான பிறகு எல்லாக் கோப்புகளின் நேரமுத்திரைகளும் ஒரே நிலையான மதிப்புக்கு மாற்றப்பட்டிருந்தன. பைட்கோடு பொருந்தாததால் ஒவ்வொரு தொடக்கத்திலும் மூலக் கோப்புகள் அனைத்தும் மறுபடியும் கம்பைல் செய்யப்பட்டன. அந்தப் பயனருக்கு அடைவில் எழுதும் உரிமை இல்லாததால், கம்பைல் செய்த முடிவைச் சேமிக்கவும் முடியவில்லை. சேமிக்க முடியாமல் போனதைப் பைத்தான் இயல்பான ஓட்டத்தில் ஒரு பிழையாக அறிவிப்பதும் இல்லை. -வி தெரிவோடு ஓட்டினால் மட்டுமே, எந்த மாட்யூல் பைட்கோடிலிருந்து வந்தது, எது மூலத்திலிருந்து வந்தது என்பது வரிவரியாகத் தெரியும்.

இதற்கான சரியான தீர்வு 3.7 முதலே இருக்கிறது. கம்பைல்ஆல் கருவி, நேரமுத்திரைக்குப் பதிலாக மூலக் கோப்பின் ஹேஷைப் பதிவுசெய்த பைட்கோடுகளை உருவாக்கும். அவற்றைச் சரிபார்க்காமலேயே ஏற்கும்படியும் குறிக்க முடியும். மாற்றமே இல்லாத கன்டெய்னர் இமேஜுக்கு இது மிகப் பொருத்தமானது. ஆனால் அப்படிக் குறித்த கன்டெய்னருக்குள் போய் மூலக் கோப்பைத் திருத்தினால் அந்தத் திருத்தம் எங்கும் தெரியாது என்பதால், மேம்பாட்டுச் சூழலுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கோப்புகள் நெட்வொர்க் வழியாக வரும் அடைவுகள், நூற்றுக்கணக்கான ஷேர்டு லைப்ரரிகளை இணைக்கும் எக்ஸ்டென்ஷன்கள் ஆகியவையும் தாமதத்துக்குக் காரணமாகலாம். முதலாவதை எஸ்ட்ரேஸ் தரும் அழைப்புகளின் எண்ணிக்கையும், இரண்டாவதை எல்டி_டீபக் மாறிக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று மதிப்பளித்தால் அவற்றை இணைக்கும் டைனமிக் லிங்கர் தரும் கணக்கும் காட்டிவிடும்.

இம்போர்ட்களை ஃபங்ஷனுக்குள் நகர்த்துவது இப்போது பரவலான பழக்கமாகியிருக்கிறது. கட்டளைவரிக் கருவிகளில் அது பயனுள்ளது என்பதே என் கருத்து. ஆனால் நெடுநேரம் ஓடும் சர்வர்களில், தொடக்கத்தில் ஒருமுறை கொடுத்திருக்க வேண்டிய விலையை முதல் வாடிக்கையாளரின் தலையில் கட்டுவதாக அது முடிகிறது. நினைவகத்தின் மீதும் அதற்கு ஒரு விளைவு உண்டு. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

நினைவகம் கூடிக்கொண்டே போகிறது என்ற புகாரின் பின்னால் மூன்று வெவ்வேறு நிலைகள் இருக்கலாம். ஆப்ஜெக்டுகள் உண்மையிலேயே விடுவிக்கப்படாமல் இருக்கலாம். அவை விடுவிக்கப்பட்டும், நினைவகத்தைப் பங்கிடும் அலொக்கேட்டர் அந்த இடத்தை இயங்குதளத்திடம் திருப்பித் தராமல் வைத்திருக்கலாம். அல்லது பைத்தானுக்குத் தெரியாமல் ஒரு சி லைப்ரரி தானே நினைவகத்தைப் பெற்றுத் தக்கவைத்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறியாமல் கசிவைத் தேடத் தொடங்குவது வீண் உழைப்பு. பைத்தான் 3.4 முதல் உள்ள ட்ரேஸ்மேலாக்கைத் தொடக்கத்திலேயே இயக்கி, இரண்டு வெவ்வேறு நேரங்களில் எடுத்த ஸ்னாப்ஷாட்களை ஒப்பிட்டால், பைத்தானின் அலொக்கேட்டர் வழியாகச் சென்ற ஒவ்வொரு பைட்டும் எந்த வரியில் பிறந்தது என்பது தெரியும். அந்தக் கணக்கு தட்டையாக இருக்கையில் இயங்குதளம் காட்டும் பயன்பாடு மட்டும் ஏறினால், காரணம் பைத்தான் ஆப்ஜெக்டுகளில் இல்லை. அப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலிருந்தே சி ஃபங்ஷன்களை அழைக்க உதவும் சிடைப்ஸ் வழியாக, லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் காலியிடத்தைத் திருப்பித் தரும் மேலாக்_ட்ரிம்மை ஒருமுறை அழைத்துப் பார்ப்பேன். பயன்பாடு சட்டென்று இறங்கினால் அது கசிவு அல்ல, தேக்கம். பல த்ரெட்கள் ஓடும் நிரல்களில் ஜிலிப்சி 64 பிட் கணினிகளில் ஒரு கோருக்கு எட்டு என்ற வரம்பு வரை அரீனா எனப்படும் தனித்தனி நினைவகத் தொகுதிகளை உருவாக்கும் என்பதால், மேலாக்_அரீனா_மேக்ஸ் மாறியை 2 என்று வைத்தால் மட்டும் தீர்ந்துவிடும் தேக்கங்களும் உண்டு.

பைத்தானுக்குச் சொந்தமான ஒரு தேக்கமும் இருக்கிறது. 512 பைட் வரையிலான சிறு ஆப்ஜெக்டுகளைப் பைத்தானின் சொந்த அலொக்கேட்டரான பைமேலாக் தன் அரீனாக்களில் வைக்கிறது. அரீனாவின் அளவு நெடுங்காலம் 256 கிலோபைட்டாக இருந்து, 3.10இல் 64 பிட் கணினிகளில் ஒரு மெகாபைட்டாகியது. ஓர் அரீனாவில் ஒரேயொரு ஆப்ஜெக்ட் உயிரோடு இருந்தாலும் அந்த அரீனா முழுவதும் திரும்பாது. பெரிய தரவை ஒருமுறை படித்து முடித்த பிறகும் பயன்பாடு இறங்காமல் நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

உண்மையான கசிவு என்றால், சி எக்ஸ்டென்ஷன்களில் நான் முதலில் வாசிப்பது பிழை நேர்ந்தால் வெளியேறும் பாதைகளைத்தான். வெற்றிப் பாதையை எல்லோரும் சோதிக்கிறார்கள்; பாதியில் ரிட்டர்ன் ஆகும் இடத்தில்தான் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை (ஓர் ஆப்ஜெக்டை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்ற கணக்கு; சுழியமானால் அது விடுவிக்கப்படும்) குறைக்கும் வரி விடுபட்டிருக்கும். ரெஃபரன்ஸின் உரிமை யாரிடம் போகிறது என்ற விதி ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் மாறுவதும் இதற்குத் துணைபோகிறது. பைலிஸ்ட்_செட்ஐட்டம் நாம் தரும் ரெஃபரன்ஸைத் தனதாக்கிக்கொள்ளும். பைடிக்ட்_செட்ஐட்டம் தனக்கென ஒன்றைக் கூட்டிக்கொண்டு நம்முடையதை நம்மிடமே விட்டுவிடும். தவறான உள்ளீட்டை லூப்பில் திரும்பத் திரும்பக் கொடுத்து, பிழை தேடுவதற்கெனக் கம்பைல் செய்த டீபக் பில்டில் கிடைக்கும் மொத்த ரெஃபரன்ஸ் எண்ணிக்கை ஒரே சீராக ஏறுகிறதா என்று பார்ப்பதே இதற்கு நம்பகமான சோதனை. இதில் ஒரு நுட்பம் உண்டு. 3.12 முதல் மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் நன் போன்ற ஆப்ஜெக்டுகள் அழிவற்றவையாக்கப்பட்டு, அவற்றின் எண்ணிக்கை மாறுவதே இல்லை. நன்னின் எண்ணிக்கையைத் தவறாகக் குறைக்கும் எக்ஸ்டென்ஷன், பழைய பதிப்புகளில் ஒருநாள் நன்னை விடுவிக்க முயன்றதாகச் சொல்லி விழுந்திருக்கும். புதிய பதிப்புகளில் அது சத்தமில்லாமல் ஓடும். ஆகவே எக்ஸ்டென்ஷன்களை 3.11இலும் சோதிப்பதை நான் கைவிடவில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது, விடுவிக்கப்பட்ட ஆப்ஜெக்டைத் தொடர்ந்து பயன்படுத்தும் பிழை. பைலிஸ்ட்_கெட்ஐட்டம் தருவது இரவல் ரெஃபரன்ஸ். அந்த உறுப்பை உயிரோடு வைத்திருப்பது நாமல்ல, லிஸ்ட்தான். அதை எடுத்துக்கொண்டு மற்றோர் ஆப்ஜெக்டோடு ஒப்பிட்டால், ஒப்பீடு பயனர் எழுதிய __ஈக்யூ__ மெத்தடை அழைக்கலாம். அந்த மெத்தட் அதே லிஸ்டைக் காலிசெய்யலாம். அழைப்பு திரும்பும்போது நம் கையில் இருக்கும் முகவரியில் நம் ஆப்ஜெக்ட் இருக்காது. எந்த அழைப்புக்குள் பைத்தான் நிரல் ஓட வாய்ப்பிருக்கிறதோ அதற்கு முன் இரவலைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி. சொந்த ரெஃபரன்ஸையே தரும் பைலிஸ்ட்_கெட்ஐட்டம்ரெஃப் 3.13இல் சேர்க்கப்பட்ட பிறகு, புதிதாக எழுதும் எக்ஸ்டென்ஷன்களில் பழையதைப் பயன்படுத்த நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பிழை அந்த இடத்திலேயே விழுந்தால் கண்டுபிடிப்பது எளிது. விழாது. பைமேலாக் இப்போதுதான் விடுவிக்கப்பட்ட இடத்தையே அதே அளவுள்ள அடுத்த ஆப்ஜெக்டுக்குத் தருவதால், நம் முகவரியில் முற்றிலும் வேறான, ஆனால் உயிருள்ள ஓர் ஆப்ஜெக்ட் வந்து அமர்ந்திருக்கும். நாம் அதன் எண்ணிக்கையைக் குறைப்போம். அது தன் காலத்துக்கு முன்பே விடுவிக்கப்படும். அதைக் கையாளும் மூன்றாவது ஃபங்ஷன் விழும். இன்னும் பெரும்பாலும் விழுவது பயனற்ற ஆப்ஜெக்டுகளைத் தேடி விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர்தான், ஏனெனில் பிற ஆப்ஜெக்டுகளை உள்ளடக்கும் கன்டெய்னர் ஆப்ஜெக்டுகள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பது அதன் வேலை. அழைப்புகளின் வரிசையைக் காட்டும் ஸ்டாக் ட்ரேஸ் கலெக்டருக்குள் முடிவதைக் கண்டதும் கலெக்டரில் பிழை என்று அறிக்கை எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சாட்சி மட்டுமே.

ஆகவே விழுவதை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். பைத்தான்மேலாக் மாறிக்கு டீபக் என்று மதிப்பளித்தால், விடுவிக்கப்பட்ட இடம் முழுவதும் 221 என்ற பைட்டால் நிரப்பப்படும். பதினாறடிமானத்தில் அது டிடி. கிராஷில் தெரியும் முகவரியில் டிடி, டிடி என்று வரிசையாக வந்தால் வேறு விளக்கமே தேவையில்லை. 3.8க்கு முந்தைய பதிப்புகளில் இதே பைட் டிபி என்று வரும். கலெக்டரின் வரம்பை ஒன்று என்று வைத்து அதை அடிக்கடி ஓடச் செய்வதும் உதவும். இவை போதாதபோது, அதே மாறிக்கு மேலாக் என்று மதிப்பளித்து நினைவகத்தைத் தவறாகத் தொடுவதைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு ஓட்டுவேன். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். பைமேலாக் இயங்கினால் சானிடைசருக்குத் தெரிவது பெரிய அரீனாக்கள் மட்டுமே, அவற்றுக்குள் நடக்கும் விடுவிப்பு எதுவும் அதற்குத் தெரியாது. சேர்த்துச் செய்தால், தவறாகத் தொட்ட இடம், விடுவிக்கப்பட்ட இடம், முதலில் பெறப்பட்ட இடம் ஆகிய மூன்றின் ஸ்டாக் ட்ரேஸ்களும் ஒரே அறிக்கையில் வந்துவிடும். ஓட்டம் ஏறத்தாழ இரு மடங்கு தாமதமாகும். இதே வேலையைச் செய்யும் வால்கிரைண்டில் ஆகும் 20, 30 மடங்கோடு ஒப்பிட்டால் அது பொருட்டல்ல. ஃப்ளோட், லிஸ்ட் போன்ற சில வகைகளுக்குச் சிபைத்தான் தனியாக, விடுவித்த இடங்களை மறுபயன்பாட்டுக்குச் சேர்த்து வைக்கும் ஃப்ரீலிஸ்ட் வைத்திருப்பதால், அந்த வகை ஆப்ஜெக்டுகள் சானிடைசரின் பார்வையிலிருந்தும் தப்பிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அப்படித் தப்பியவற்றுக்கு மொஸில்லாவில் பிறந்த ஆர்ஆர் என்ற டீபக்கர் இருக்கிறது. விழும் ஓட்டத்தை ஒருமுறை பதிவுசெய்துவிட்டால், அதே முகவரிகளோடு எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப ஓட்டலாம். சிதைந்த ஆப்ஜெக்டின் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை இருக்கும் முகவரியில் அங்கே மதிப்பு மாறும்போது நிரலை நிறுத்தும் ஒரு வாட்ச்பாயின்ட் வைத்து, விழுந்த கணத்திலிருந்து பின்னோக்கி ஓட்டினால், அந்த எண்ணிக்கையைக் கடைசியாகக் குறைத்த ஃபங்ஷன், அதற்கு முன் குறைத்தது என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். கூடுதலாகக் குறைத்த ஒன்று எது என்று அப்போது வாசித்தே அறிந்துகொள்ளலாம். இந்த வேலையில் எனக்கு இதைவிட நிறைவளிக்கும் கருவி வேறில்லை.

மற்ற இன்டர்பிரெட்டர்களும் இதே தேவையை உணர்ந்திருக்கின்றன. ரூபியில் ஜிசி.ஸ்ட்ரெஸ் என்பதை இயக்கினால் வாய்ப்புள்ள ஒவ்வோர் இடத்திலும் கலெக்டர் ஓடும். பிஹெச்பியில் யூஸ்_ஜென்ட்_அலொக் மாறியைச் சுழியமாக்கினால் அதன் சொந்த அலொக்கேட்டர் விலகிக்கொள்ளும்.

தொடக்க நேரமும் நினைவகமும் நேரடியாகச் சந்திக்கும் இடம், ஒரு செயல்முறை தன் நகலைப் பிள்ளையாகப் பிரிக்கும் ஃபோர்க். தாய்ச் செயல்முறை எல்லாவற்றையும் இம்போர்ட் செய்துவிட்டுப் பிள்ளைகளைப் பிரித்தால், நினைவகப் பக்கங்கள் அனைவருக்கும் பொதுவாக இருக்கும்; ஆனால் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை மாற்றுவதும் கலெக்டர் தன் குறிப்புகளை எழுதுவதும் அந்தப் பக்கங்களை நகலெடுக்கச் செய்யும். 3.7இல் இன்ஸ்டாகிராம் பொறியாளர்களின் பங்களிப்பாக வந்த ஜிசி.ஃப்ரீஸ், ஃபோர்க்குக்கு முன் இருக்கும் ஆப்ஜெக்டுகளைக் கலெக்டரின் பார்வையிலிருந்து விலக்கி வைக்கிறது. இம்போர்ட்களை ஃபங்ஷன்களுக்குள் தள்ளிப்போட்ட சர்வரில், அதே மாட்யூல்களை ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே ஏற்றிக்கொள்வதால் இந்தப் பயன் கிடைக்காது. ஈமேக்ஸ் எடிட்டரின் வரலாறு இதே சிக்கலின் மற்றொரு வடிவம். லிஸ்ப் நிரல்களை ஏற்றி முடித்த செயல்முறையின் நினைவகத்தையே இயங்குகோப்பாக எழுதித் தொடக்கத்தை விரைவாக்கிய அன்எக்ஸெக் முறை, மேலாக்கின் உள்ளமைப்பைச் சார்ந்திருந்தது. அந்தச் சார்பை ஜிலிப்சி தாங்கிக்கொண்டே இருக்க முடியாது என்றான பிறகு, 2020இல் வெளிவந்த ஈமேக்ஸ் 27 வேறு கணினிகளுக்கும் எளிதில் பொருந்தும் புதிய டம்ப் முறைக்கு மாறியது.

திருத்திய பிழை திரும்பி வராமல் காக்கும் சோதனைகளில், தொடக்க நேரத்தை மில்லி நொடியில் அளந்து வரம்பு வைப்பதை நான் விரும்புவதில்லை. சோதனைக் கணினியின் சுமைக்கேற்ப அது ஒருநாள் வெல்லும், ஒருநாள் தோற்கும். விரைவிலேயே அதை யாரும் மதிக்க மாட்டார்கள். கருவியின் உதவிச் செய்தியை மட்டும் அச்சிட்ட பிறகு ஏற்றப்பட்ட மாட்யூல்களைக் காட்டும் சிஸ்.மாட்யூல்ஸ் பட்டியலை எடுத்து, அங்கே இருக்கவே கூடாத கனமான மாட்யூல்களின் பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை எந்தக் கணினியிலும் ஒரே பதிலைத் தரும். நினைவகத்துக்கு, முழுச் சோதனைத் தொகுப்பையும் சானிடைசரோடு இரவில் ஓடவிடுகிறேன். தவறான உள்ளீடுகளுக்கான சோதனைகளை அதில் வெற்றிப் பாதைச் சோதனைகளைவிட அதிகமாகவே வைத்திருக்கிறேன்.